சேவியரும் நானும் சேந்து போட்ட பீட்டு

நேத்து எனக்கு இருந்தது ஒரே வேல. மோட்டார் போடணும், டேங்கு ரொம்புனதும் நிறுத்தணும்.

ராயபுரத்துல மாடியில நா குடியிருக்கேன். கீழ ஹவுஸ் ஓனரு ரோஸி அக்கா. காலையில சர்ச்சுல பூசைக்குக் கெளம்பும்போதே சொல்லிட்டுப் போச்சு: "மொட்ட மாடில கருவாடு காயுது. தண்ணி வழிஞ்சுது, அன்னிக்கே நீ வூட்ட காலி பண்ணு!"

"இன்னாக்கா, என்னப் பத்தி தெரியாதா உனுக்கு?"ன்னேன்.

தெரிஞ்சுதான் சொல்லியிருக்கு.

மோட்டாரப் போட்டேன். அப்பப் பாத்து விம்கோ நகர்லேந்து சேவியரு வந்தான், பீட்டு போடற மெஷினப் பையில தூக்கிகினு.

அவனும் என்ன மாதிரி இருவத்தஞ்சு வருஷமா டெக்னோ மியூசிக்கு போடறவன், பாட்டே இல்லாம ஒரே பீட்டா ஓடுமே, அது. இந்த ஏரியாவுல டெக்னோ போடறது நாங்க ரெண்டு பேருதான். கேக்கறதும் நாங்க ரெண்டு பேருதான். பதினஞ்சு வருஷம் முன்னாடி சேந்து ஒரு டிராக்கு பண்ணோம். "அந்த பீட்டு என்துடா!" "போடா, என்து!"ன்னு சட்டையப் புடிச்சுகினு, அதோட பேச்சு கட். போன வாரம்தான் ராசியானோம்.

இந்தத் தபா சண்டையே வரக்கூடாதுன்னு நா முடிவு பண்ணிட்டேன். அவனும் அப்படித்தான் போல. வந்ததுலேந்து ஒரே மரியாத.

ஒயரெல்லாம் சொருகிகினு கீறோம், ஸ்பீக்கர் வெச்ச செவுத்துப் பக்கத்துலேந்து ஆரம்பிச்சுது.

டும். டும். டும். டும்.

அடேங்கப்பா! இன்னா கனம்! பய அதுக்குள்ள போட்டுட்டானேன்னு எனக்கு வயிறு எரிஞ்சுது. வெளிய காட்டிக்கல. தலைய ஆட்டுனேன்.

அவனும் ஆட்டுனான். "செம நைனா!"

"சூப்பரு மாமு!"

கால் மணி ஆச்சு. அர மணி ஆச்சு. அந்த டும் மாறவே இல்ல. வேற யாராவதா இருந்தா சந்தேகப்பட்டிருப்பான். எங்களுக்கு, மாறாம இருந்தாத்தான் அது நல்ல பீட்டு! கண்ண மூடிகினு ஒரு மணி நேரம் ஆட்டுனோம்.

திடீர்னு நின்னுச்சு.

"ஏன் மாமு நிறுத்திட்ட?"

"நா எங்க நிறுத்துனேன்? அது உன்து தான நைனா?"

குனிஞ்சு பாத்தோம். ரெண்டு பேரு மெஷினும் ஆன்கூட பண்ணல. வெளிய தண்ணி பைப்பு கிளாம்பு கழண்டு, மோட்டார் ஓட ஓட செவுத்துல இடிச்சுகினு இருந்துருக்கு.

வாசல்ல ரோஸி அக்கா. மோட்டார நிறுத்திட்டு நேரா மேல வந்துருக்கு. பொடவ தொப்பலு. கையில வாளக் கருவாடு, சொட்டு சொட்டா தண்ணி வடியுது.

"கருவாடு பூரா சாக்கடையில போவுது! தெரு முன வரிக்கும் டும்மு டும்முன்னு கேக்குது! யாருதுடா அது?"

பதினஞ்சு வருஷத்துல மொத தபா, ரெண்டு பேரும் பெருந்தன்மையா விட்டுக்குடுத்தோம்.

"அவன்துதான்க்கா!"