பிறக்காதவர்களுக்கு மூன்றறை வீடு

நகர வளர்ச்சித் துறை, இன்னும் பிறக்காத மக்களின் நலனில் மிகுந்த அக்கறை கொண்டது. வருங்காலத்தில் ஜனம் பெருகும்போது ஊர் திணறக் கூடாதென்று, நிழல்சாலை, மழைநீர்க்குளம், சூரியத்தகடு சகிதம் ஊருக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பைக் கட்டியது. கட்டியதும் பத்திரமாகப் பூட்டிவிட்டது.

அதற்கு நிலம் அளந்து கொடுத்த அளவையர், நிறைமாத மனைவியோடும் மாமியாரோடும் ஒற்றை அறையில் குடியிருந்தார். மாமியார் புரண்டு படுத்தால் இவர் எழுந்து உட்கார வேண்டும். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு துறை இயக்குநர் முன்னால் போய் நின்றார்.

"சார், அங்க வீடெல்லாம் காலியாத்தானே கிடக்கு?"

"காலின்னு யார் சொன்னது? எல்லா வீட்லயும் ஆள் இருக்கு. இன்னும் பிறக்கல, அவ்வளவுதான்."

"நாங்க பிறந்துட்டோமே சார்!"

"அதான் சிக்கலே. நீங்க நடப்பு மக்கள்தொகை. உங்களுக்குப் போட்ட திட்டம் உங்க தாத்தா காலத்துலயே முடிஞ்சுபோச்சு."

மனைவி வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "அப்ப இது யாருங்க சார்?"

இயக்குநர் பார்த்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். வயிற்றுக்கு ஒரு கும்பிடு போட்டார். "பயனாளி!" என்றார்.

மறுநாளே ஆணை வந்தது. வருங்காலக் குடிநபருக்கு மூன்றறை வீடு ஒதுக்கப்படுகிறது. அன்னாரின் தற்காலிக இருப்பிடம் என்ற வகையில் தாயும், பார்வையாளர்களாக ஏனையோரும் அனுமதிக்கப்படுகிறார்கள்.

அளவையர் கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் ஓடிப் பார்த்தார். மாமியார் கடைசி அறையிலிருந்து, "மாப்பிள்ளை, நான் கூப்பிடறது கேக்குதா?" என்று கத்திக் கத்திப் பூரித்துப்போனார்.

பெண் குழந்தை பிறந்தது. இயக்குநர் பூங்கொத்தோடு வந்து வாழ்த்தினார். "சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணிடுங்க."

"என்ன சார் அநியாயம்?"

"பாப்பாதான் பிறந்துட்டாங்களே! இனிமே அவங்களும் நடப்பு மக்கள்தொகைதான்."

மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சரிங்க சார். அடுத்தது உண்டானதும் சொல்லியனுப்பறோம். வீட்டை வேற யாருக்கும் தந்துடாதீங்க."

சேதி பரவியது. வீட்டுக்கு அலைந்த தம்பதிகள் எல்லாம் போட்டி போட்டுக்கொண்டு நல்ல சேதி சொன்னார்கள். குடியிருப்பு நிரம்பிக் காலியாகி மறுபடி நிரம்பியது. காலி செய்தவர்களெல்லாம் கைக்குழந்தையோடு வந்து சேர, பழைய ஊர் பிதுங்கி வழிந்தது.

இயக்குநர் மேடையேறினார். "நமது மக்கள்தொகைக் கணிப்பு, குறித்த காலத்துக்கு முன்பாகவே வெற்றிகரமாக நிறைவேறிவிட்டது! ஆகவே வருங்கால மக்களின் இரண்டாம் குடியிருப்புக்காகப் பழைய ஊர் முழுவதும் இடிக்கப்படும்!"

கைதட்டல் காதைப் பிளந்தது. பழைய ஊர்க்காரர்கள்தான் தட்டினார்கள்.

அளவையரும் தட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு தன் தெருவையே அளக்கக் கிளம்பினார். மனைவி வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ஏங்க, கொஞ்சம் தாராளமாவே அளங்க. இந்தத் தடவை ரெட்டைப் பிள்ளையாம்!"