மாட்டுக்கு ஊறுகாய் போட்டவர்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் மாடு வைத்திருப்பவர்களை எண்ணி மாளாது. ஆனால் மாட்டுக்கு ஊறுகாய் போட்ட ஒரே மனுஷன் எங்கள் ஊர்க்காரர்தான். அதனால் அவருக்கு ஊறுகாய்க்காரர் என்றே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டுக்காரம்மாவே ஒரு நிமிஷம் யோசிப்பார்.

மயிலம் போகிற ரோட்டோரம் அவருக்கு ஓர் ஏக்கர். எல்லோரும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டபோது அவர் தீவனச் சோளம் விதைத்தார். அதோடு விட்டாரா? சோள வரிசைக்கு நடுவே கொழுக்கட்டைப் புல்லையும் விதைத்தார். பஸ்ஸில் போகிறவர்கள்கூடத் தலையை நீட்டி, "இன்னாங்க, களை எடுக்க ஆள் கிடைக்கலையா?" என்று கேட்டார்கள். பதில் சொல்லி அலுத்துப்போய் ஒரு பலகை நட்டார்: ‘இது களை அல்ல.’ மறுநாள் அதன் கீழே யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: ‘பின்ன?’

"சோளத்தை அறுத்துட்டா நிலம் சும்மாதானே கிடக்கும்? நடுவுல புல்லு இருந்தா அது பாட்டுக்குத் தழைச்சிக்கினு இருக்கும். ரெண்டையும் நறுக்கி ஊற வெச்சா, கோடையில மாடு ராணி மாதிரி துன்னும்" என்பார்.

கதிரில் பால் பிடித்ததும் இரண்டையும் அறுத்து, மெஷினில் நறுக்கி, குழியில் கொட்டி, வெல்லத் தண்ணீர் தெளித்தார். காற்றுப் போக மிதிக்க வேண்டுமாம். அந்த இரண்டு நாளில் அவர் வாசலில் கால் வைத்த எவரும் தப்பவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தார்கள். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஷூவைக் கழற்றிவிட்டு மிதித்தார், பாலிசிதான் விற்கவில்லை. நானும் அரை மணி நேரம் மிதித்தேன். பிறகு தார்ப்பாயால் மூடி, மேலே மண்ணையும் பழைய டயர்களையும் ஏற்றினார்.

"நாப்பத்தஞ்சு நாள் யாரும் தொடக் கூடாது. காத்து பூந்தா எல்லாம் பூசணம்."

மூன்று வாரம் போயிருக்கும். டீக்கடையில் ஒருத்தர், "அந்தக் குழியில இன்னாதான் இருக்குது?" என்று என்னைக் கேட்டார். என் வாய் சும்மா இருக்குமா? "மூட்டை மூட்டையா வெல்லம் வாங்கினாரே, ஊறல் போட்டிருப்பாரு" என்றேன். சிரிப்புக்குத்தான் சொன்னேன். ஆனால் எங்கள் பக்கத்தில் சாராய ஊறல் என்ற பேச்சு சிரிப்போடு நிற்காது. மூன்றாம் நாள் போலீஸ் ஜீப் வந்தது.

"பெரியவரே, குழியத் தோண்டணும்" என்றார் எஸ்.ஐ.

ஊறுகாய்க்காரர் தார்ப்பாய் மேல் ஏறி மல்லாந்து படுத்துவிட்டார். "இன்னும் இருவது நாள் இருக்குது சார். இப்பப் பிரிச்சா கோடைக்கு என் மாடு பட்டினி. என்னை வேணா ஸ்டேஷன்ல வெச்சிக்கோங்க. இருவது நாள் கழிச்சி வந்து நானே தோண்டிக் காட்டறேன்."

ஊரே கூடி நின்றது. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், பிறகு கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன். கடைசியில், ஓரமாகக் கை நுழைகிற அளவுக்கு ஓட்டை போட ஒப்புக்கொண்டார். எஸ்.ஐ. ஒரு பிடி எடுத்து முகர்ந்தார். பழம் புளித்த மாதிரி ஒரு வாசனை.

"இது இன்னா, சோளமா?"

"புல்லும் இருக்குது சார்."

எஸ்.ஐ. இன்னொரு முறை முகர்ந்தார். "எங்க வீட்லயும் ரெண்டு மாடு இருக்கு. எப்படிப் போடறதுன்னு ஜல்தியா சொல்லுங்க."

ஜல்தியாகச் சொல்லும் பழக்கம் ஊறுகாய்க்காரருக்குக் கிடையாது. ஜீப் கிளம்ப ஒரு மணி நேரம் ஆனது. கான்ஸ்டபிள்கள் ஓட்டையை அடைத்து, நன்றாக மிதித்தும் விட்டுப் போனார்கள்.

சித்திரையில் வைக்கோலுக்கே ஊர் அல்லாடியது, என் மாட்டுக்கும் விலா எலும்பு தெரிந்தது. அப்போதுதான் அவர் குழியைத் திறந்தார். அவர் மாடு முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கூட்டம் சிரித்தது. மனுஷன் அசரவில்லை, ஒரு பிடியைத் தன் வாயில் போட்டு மென்று காட்டினார். மாடு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு தலையைக் கவிழ்த்ததுதான், தொட்டி காலியாகிற வரைக்கும் நிமிரவில்லை.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டனுப்பினார். குழியிலிருந்து எடுத்து ஒரு மூட்டை கட்டி வைத்திருந்தார்.

"அண்ணே, டீக்கடையில அன்னிக்கு நான்தான்..." என்று இழுத்தேன்.

"தெரியும். கடைக்காரர் அன்னிக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் எனக்கு எதுக்குண்ணே?"

"வாய் உன்னுது தம்பி. இளைச்சது மாடுதானே?"

சைக்கிளில் வைத்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று தலையில் ஏற்றிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். மூட்டையிலிருந்து கசிந்த தண்ணீர் கழுத்தில் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை.