தங்கையின் வீட்டுக்கு நான் வாடகைக்காரன் ஆன விதம்

ஓலைத்தொடுவாய்,
மன்னார்.
கார்த்திகை 18

அன்புள்ள தங்கச்சி டிலானிக்கு,

நாங்கள் இங்கே நலம். இரண்டு நாள் மழை பெய்தது, அதுவும் நலம். நீயும் மச்சான் ரொபின்சனும் இந்தியாவில் அகதி முகாமில் சுகமாக இருந்து, நல்லபடி ஊர் திரும்ப மடு மாதாவை மன்றாடுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். போனில் என்றால் நடுவில் ஏசுவாய். கடிதத்தில் நான் முழுவதையும் சொல்லி முடிக்கலாம்.

தையில் வருகிறோம், என் சீதன வீட்டைக் காலியாக்கி வையுங்கோ என்று நீ சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. ஒன்பது வருடமாக அங்கே உம்மு ஸல்மா ஆறு தையல் மெஷினோடு வாடகைக்கு இருக்கிறா. வீட்டை விட்டு எழும்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக்கொண்டு போனேன். "வாங்கோ அண்ணன், இருங்கோ" என்று வட்டலப்பம் தந்தா. தின்ற வாயால் எப்படிச் சொல்வது? கடிதம் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது, உன் மச்சாள் ஜூலியட் அதைச் சட்டையோடு சேர்த்துத் தோய்த்துவிட்டாள். இதற்குள் மீன் லொறி றொசாந்தன் வழியில் மறித்து, "அண்ணை, பத்து வருசம் இருந்திட்டால் வீடு இருக்கிற ஆளுக்குத்தான், சட்டம் அப்பிடி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உடனே மன்னார் டவுனுக்கு ஓடி ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் அரை நாள் காத்திருந்தேன். "பயப்பிடாதேங்கோ. அவ வாடகைக்கு வந்தவ எண்டு ஒப்பந்தம் இருந்தால் இருபது வருசம் போனாலும் வீடு தங்கச்சியின்ரதான்" என்றார். போன உயிர் திரும்பி வந்தது. வீட்டு உறுதிப் பத்திரம் சண்டைக் காலத்தில் தொலைந்துபோனதால் எங்களிடம் இருந்த ஒரே கடதாசி அந்த ஒப்பந்தம்தான். அலுமாரியைக் கிண்டி எடுத்துக்கொண்டுபோய் நீட்டினேன். வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். "ஐயா, இதின்படி வீட்டுச் சொந்தக்காரி உம்மு ஸல்மா. நீங்கள்தான் அவவிட்ட வாடகைக்கு இருக்கிறீங்கள்." கடையில் வாங்கிய படிவத்தில் நான் பெயர்களை இடம் மாற்றி நிரப்ப, இரண்டு பேரும் வாசிக்காமல் கையெழுத்து வைத்திருக்கிறோம். முப்பது வருடத்துக்கு மேல் நீ நினைத்துக்கொண்டிருந்த வீட்டை ஒரு பேனையால் தொலைத்துவிட்டேனே என்று பஸ்ஸில் எல்லாரும் பார்க்க அழுதேன் தங்கச்சி.

பிறகு மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட மண்டபம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் கதிரை. இருந்தால் எழும்ப முடியாது. தலைவர் கடதாசியை வாசித்துவிட்டு, "இப்ப ஆர் ஆரை எழுப்பச் சொல்லிக் கேக்கிறது?" என்றார். நான் வாய் திறக்குமுன் உம்மு ஸல்மா எழுந்தா.

"அந்தக் கடதாசியை விடுங்கோ சேர். வீடு டிலானி அக்காவின்ர. தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை வெளியேத்தேக்க நாங்களும் வீடு வாசலை விட்டிட்டுப் புத்தளத்துக்குப் போனனாங்கள். திரும்பி வாறவைக்கு வீடு இல்லாட்டி எப்பிடி இருக்கும் எண்டு எனக்குத் தெரியும். அடுத்த ஆளின்ர வீடு எனக்கு ஹராம்." பிறகு என்னைப் பார்த்து, "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் அப்பவே எழும்பியிருப்பன். ஏன் அண்ணன் கேக்கேல்ல?" என்றா. நான் வட்டலப்பத்தைச் சொன்னேன். தலைவர் உட்பட எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு உன்னுடையது என்றும் மார்கழி முடிவில் தருவேன் என்றும் அவ கையெழுத்து வைத்தா. சட்டத்தரணியும் பார்த்துச் சரி என்றார். இனிமேல் என் சீவியத்தில் எவருக்கும் வீடு வாடகைக்குக் கொடுக்கமாட்டேன்; இது சத்தியம். நீங்கள் தைரியமாக வாருங்கள். கடல் தாண்டி வரும் வழியெல்லாம் மாதா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
நீக்கிலாஸ்

பி.கு.: முசலிப் பக்கம் உம்மு ஸல்மா கட்டும் வீட்டுக்குச் சித்திரைக்கு முன் கூரை ஏறாதாம். ஆறு மெஷினையும் தூக்கிக்கொண்டு அந்த மனிசி எங்கே போவது? எங்கள் வீட்டின் முன்பாதியை வாடகைக்குக் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்திறங்கும் நாளில் முதல் சாப்பாடு யார் தருவது என்று இப்போதே அவவுக்கும் ஜூலியட்டுக்கும் சண்டை. மீனா, இறைச்சியா என்று உடனே எழுதிப்போடு.