கழுதைக்கும் ஓர் ஆமென்

சபை முன்னால் எழுந்து நின்று பாவ அறிக்கை செய்கிறவர்கள்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். அவர்கள் மனம் திருந்தி எழுந்து நிற்பார்கள். நான் வேறு வழியில்லாமல் எழுந்து நின்றேன்.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. நாள் முழுக்கக் கொழுந்து எடையை எழுதுகிறவனுக்கு உலகப் பொருளாதாரமே கைவசம் இருப்பதாக ஒரு நினைப்பு வந்துவிடும். (எனக்கு வந்தது. மற்ற கிராணிகளைப் பற்றித் தெரியாது.)

பக்கத்து ஊரான தானா ராத்தாவில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம், பிரியாணி இலவசம் என்றார்கள். போனேன். கோட்டு போட்ட ஒருவர் என் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"பிரதர், கிரிப்டோ காயின் வாங்கி வச்சிக்கிட்டு விலை ஏறுமான்னு பாக்குறவன் ஏமாளி. நாங்க அப்படி இல்ல. கடை கடையா போயி காசுக்குப் பதிலா காயின ஏத்துக்க வைக்கிற கம்பெனி. ஊரே காயின்ல சாமான் வாங்குனா, கமிஷன் யாருக்கு?"

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான் லா."

இரண்டாவது தட்டு பிரியாணியில் இருந்த எனக்கு இதில் மறுக்க ஒன்றும் தெரியவில்லை.

பணத்துக்கு எங்கே போவது? என் மனைவி ரோஸ்லின் மாதாமாதம் சீட்டுக் கட்டி எடுத்த தொகை பேங்கில் இருந்தது. அவள் கேக் செய்து விற்கிறவள். வீட்டில் இருந்தது ஒரே நேரத்தில் ஒரு கேக்குக்குமேல் தாங்காத குட்டி அடுப்பு. கேக் சுடுகிற பெரிய 'அவன்' அடுப்பு ஒன்று வாங்குவதுதான் அவளுடைய நான்கு வருடக் கனவு. ஈப்போவில் போய்ப் பார்த்து, கதவைத் திறந்து மூடி, விலை பேசியும் வைத்திருந்தாள். அவள் மனதில் என்னைத் தவிர இன்னொரு 'அவன்' இருந்தான் என்றால் அது இதுதான். அந்தப் பணத்தை அவளுக்குத் தெரியாமல் எடுத்துக் கம்பெனியில் போட்டேன். மூன்று மாதத்தில் இரண்டு அவன் வாங்கிக் கொடுத்து அசத்திவிடலாம் என்று திட்டம்.

கம்பெனி எனக்கு ஒரு கட்டு ஸ்டிக்கர் கொடுத்தது. 'இங்கே காயின் ஏற்கப்படும்.' முதல் ஸ்டிக்கரை டவுனில் பாய் டீக்கடைக் கல்லாக் கண்ணாடியில் நானே ஒட்டினேன். அங்கேயே ஒரு தே தாரிக் குடித்து, கம்பெனி மாதிரிக்குக் கொடுத்திருந்த காயினில் காசு கட்டிக் காட்டப் பார்த்தேன். அன்றைக்கு நல்ல மூடுபனி, போனில் லைன் வரவில்லை. போனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கடையை மூன்று சுற்று சுற்றினேன்.

பாய் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "கிராணி, காசு இன்னும் வரலையா?"

"வந்துக்கிட்டு இருக்கு பாய்."

"எங்கேருந்து, மலைக்குக் கீழ தாப்பாவுலேருந்து நடந்து வருதா?"

கடைசியில் பையிலிருந்து இரண்டு வெள்ளி ரொக்கத்தை எடுத்து வைத்தேன். புரட்சி என்றால் ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கம்பெனி என் பங்குக்கான காயின்களை அனுப்பியது. எங்கள் தேவாலயம் மேட்டில் இருப்பதால் லைன் நன்றாக வரும். அதனால் ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்தேன். (ரோஸ்லின் அதைப் பக்தி என்று நினைத்தாள்.) போனில் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகள் வந்தன. அவைதான் காயின் இருக்கிற பெட்டிக்குச் சாவி. ஒருமுறைதான் காட்டும், காகிதத்தில் எழுதி மறைத்து வை, இந்தப் பன்னிரண்டும் யாருக்குத் தெரிகிறதோ காயின் அவருக்கே சொந்தம் என்று எச்சரிக்கை வேறு. கையில் காகிதம் இல்லை. பெஞ்சில் ஜெப விண்ணப்பச் சீட்டு இருந்தது. அதில் எழுதி, மடித்து, பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, காரைத் தள்ளி நிறுத்தப் போனேன்.

திரும்பி வந்தபோது ரோஸ்லின் கண் கலங்கியிருந்தது.

"சீட்ட புத்தகத்துலயே மறந்துட்டீங்க. நான் பிரிக்காம அப்படியே ஜெபப் பெட்டியில போட்டுட்டேன்," என்றாள். "கல்யாணமாகி எட்டு வருஷத்துல இன்னைக்குத்தான் நீங்க ஒரு ஜெபம் எழுதியிருக்கீங்க."

பெட்டி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் உபதேசியார் மைக் முன்னால் சீட்டுகளோடு நின்றார்.

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே, பெயர் போடாமல் ஒரு சகோதரி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இருக்கிறது. முழு வாக்கியமாக எழுதக்கூட அவர்களுக்கு மனம் வரவில்லை. ஹஸ்பண்ட். கணவன்."

சபை "ஆமென்" என்றது.

"லேசி. சோம்பேறி. டாங்கி." கொஞ்சம் யோசித்தார். "கழுதை."

பெண்கள் பக்கமிருந்து வந்த ஆமெனில் நல்ல அழுத்தம் இருந்தது. இப்போது எழுந்து நிறுத்தினால் காயின் தப்பும், ஆனால் ரோஸ்லினுக்கு விஷயம் தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருந்தேன். அடுத்த வார்த்தையாக வறுமை வந்தது. மூடுபனி வந்தது. முட்டைக்கோசு வந்தபோது, விலை விழுந்து நொந்துபோயிருந்த திரிங்காப் பக்கத்துக் காய்கறித் தோட்டக்காரர்கள் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். ஏணிக்கும் வெங்காயத்துக்கும்கூட உபதேசியார் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பன்னிரண்டாவது வார்த்தைக்கு முன்னால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"டிவோர்ஸ்."

இதற்கு யாரும் ஆமென் சொல்லவில்லை. ரோஸ்லின் என் பக்கம் திரும்பினாள். "என்னை வேணாம்னா எழுதுனீங்க?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. அந்த முகத்தைப் பார்த்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அது ஜெபம் இல்லைங்க ஐயா," என்று எழுந்தேன். "அது என் பாஸ்வேர்ட். காயின் கம்பெனியில காசு போட்டிருக்கேன். தயவுசெஞ்சி யாரும் எழுதிக்காதீங்க."

"எந்தக் காசு?" என்றாள் ரோஸ்லின். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"உன் அவன் காசு."

சபை மூச்சை இழுத்துக்கொண்டது. பின் பெஞ்சிலிருந்து ஒரு அம்மாள், "ரோஸ்லினுக்கு ஒரு அவனா? யாருடி அவன்?" என்று பக்கத்தில் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. அது கேக் சுடுகிற அவன் என்று விளக்கி முடிப்பதற்குள் காணிக்கைப் பாட்டு வந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் வெளியே ஓடிப் போனைத் திறந்தேன். காயின் அப்படியே இருந்தது. மறுநாளும் இருந்தது. ஒரு மாதம் கழித்துக் கம்பெனி ஹோட்டலையும் கோட்டையும் காலி செய்துகொண்டு போன பிறகும் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. இருநூறு பேர் காதில் சாவி விழுந்தும், எடுத்துப் பார்க்க ஒருவருக்குக்கூடத் தோன்றவில்லை. காயினை ஊர் முழுக்கப் புழங்க வைக்கத்தான் நான் முதலீடு செய்தேன். திருடக்கூட அதை யாரும் புழங்கவில்லை.

பாய் கடை ஸ்டிக்கர் மட்டும் பயன்பட்டது. கல்லாக் கண்ணாடியில் கீறல் விட்ட இடத்தை அதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ரோஸ்லின் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு மறுபடி சீட்டுக் கட்டினாள். இரண்டு வருடம் கழித்து அவன் வீட்டுக்கு வந்தான். இந்த வீட்டில் அவனுக்குத்தான் முதல் மரியாதை, எனக்கு அதற்கப்புறம்.

இப்போதும் நான் சாப்பாட்டு மேசையில் "எனக்கு ஒரு யோசனை" என்று ஆரம்பித்தால் போதும். எங்கள் மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே "ஹஸ்பண்ட்" என்பாள். ரோஸ்லின் "டாங்கி" என்பாள். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள். நான் ஆமென் சொன்னால்தான் குழம்பு வரும்.