ஜன்னலோரத்து பவுண்டர்

மறுபடியும் அந்த மீசைக்காரர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விக்ஸ்டெட் அறை வாசலிலேயே நின்று பல்லைக் கடித்தார்.

லண்டன் கிளப்புகளில் ஆகஸ்ட் என்றால் வெள்ளையடிப்பு. மூடிய கிளப்பின் உறுப்பினர்கள் அந்த மாதம் தங்கள் பணியாட்களோடு பக்கத்துக் கிளப்பில் போய் ஒண்டிக்கொள்வார்கள்.

"ஒண்ட வந்தவனுக்கு ஜன்னலோரம் கேக்குதா?" என்று பணியாள் ஹாப்ஸிடம் பொருமினார்.

"சார், நான் ஒண்ணு சொல்லணும்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். டீ கொண்டா."

பாவம், அறுபது வயது பிரம்மச்சாரி. கிளப்தான் அவருக்கு வீடு, வாசல், குடும்பம் எல்லாம். பார்வை மங்கல், கண்ணாடி போட்டால் கௌரவம் போய்விடும். விடுமுறை முடிந்து ஸ்காட்லாந்திலிருந்து திரும்பிய அன்றுகூட ஹாப்ஸின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படியேறினார்.

அந்த ஊர்க் கனவான்கள் கெட்ட வார்த்தை பேச மாட்டார்கள். பதிலுக்குப் படிப்படியாக ஏறும் வசவுகள் வைத்திருந்தார்கள். முதல் படி 'பவுண்டர்': காசு இருந்தும் பண்பு இல்லாதவன். விக்ஸ்டெட் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, காதில் விழும்படி அதைச் சொன்னார்.

மீசைக்காரர் முக்காலியை இழுத்துக் காலையும் நீட்டிக்கொண்டார்.

மறுநாள் விக்ஸ்டெட் புகார்ப் புத்தகத்தில், 'ஜன்னலோரத்தில் ஒரு ராட்டர்' என்று எழுதினார். உள்ளே அழுகிப்போன ஆள் என்று அர்த்தம். சாயங்காலம் அதன் கீழே வேறு யாரோ எழுதியிருந்ததை ஹாப்ஸ் படித்துக் காட்டினார்: "இந்த ஆளின் தொல்லை நாளுக்கு நாள் முற்றுகிறது."

"பாத்தியா, ஊரே அவனைத் திட்டுது" என்று விக்ஸ்டெட் பூரித்துப் போனார்.

அந்தத் தெம்பில் மூன்றாம் நாள் நேரே போய், "நீர் ஒரு பிளாகர்ட்" என்றார். அயோக்கியர்களுக்கென்று ஒதுக்கிய உச்சிப்படி அது. செயலாளர் ஓடி வந்தார்.

"வாபஸ் வாங்கிடுங்க, விக்ஸ்டெட்."

"முடியாது. ஒண்ணு இவர் இங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். இப்பவே முடிவு பண்ணுங்க."

"ரொம்ப நியாயம்" என்றார் மீசைக்காரர்.

செயலாளர் ஜாடை காட்ட, ஹாப்ஸ் தொப்பியும் குடையும் எடுத்து வந்தார். விக்ஸ்டெட் பெருந்தன்மையாக வழிவிட்டு நின்றார். ஹாப்ஸ் அவற்றை அவர் கையிலேயே வைத்தார்.

"முட்டாளே, இது என் தொப்பிடா."

"ஆமா சார். வெள்ளையடிக்கிறது நம்ம கிளப்புலதான். இது அவரோட கிளப்."