இளவழகனுக்கு வட்டகொடையில் ஒரு தம்பி

முதலில் முடி. வலது கைச் சுண்டுவிரலால் நெற்றிமுடியில் ஒரு கற்றையை இழுத்துப் புருவத்தின் மேல் விழவைக்க வேண்டும். விழுந்ததே தெரியாதவர் போலத் தலையை ஒரு வெட்டு வெட்டி, அதை மறுபடி மேலே அனுப்ப வேண்டும். பிறகு கழுத்து மப்ளரின் ஒரு முனையை முதுகுப்பக்கம் வீசி, இடது புருவத்தை மட்டும் உயர்த்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அண்ணன் இருக்காரே..." என்று ஆரம்பிக்க வேண்டும். காலைப் பெரட்டில், தோட்டமே குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் பேர் கொடுக்க நிற்கிற நேரத்தில், இவ்வளவையும் செய்து முடிக்க ஒரு துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் உள்ளவர்தான் 'நடிகருக்கு வேண்டியவர்' என்ற இனத்தைச் சேர்ந்தவர்.

நீங்கள் பார்த்திருப்பீர்கள். மருந்துக்காரர் இல்லாத தோட்டம் உண்டு, பள்ளிக்கூடம் இல்லாத தோட்டம் ஏராளமாக உண்டு. இவர் இல்லாத தோட்டம் இந்த மலைநாட்டில் கிடையாது. சில தோட்டங்களில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று தோட்டத்தின் பிரிவுக்கு ஒருவராக இரண்டு பேர் வாய்த்துவிடுவார்கள். அங்கே சமாதானம் இருக்காது.

வட்டகொடைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இந்த இனத்துக்குப் பெயர் சோலைமலை. தேயிலை ஸ்டோரில் கொழுந்து வாட்டும் வேலை. அவருடைய 'அண்ணன்' யார் என்று கேட்டுவிடாதீர்கள். நாடகச் சுடர் இளவழகன்! தமிழ்ப்படம் பார்க்கிற எவரும் அந்தக் காலத்தில் அப்படிக் கேட்டதில்லை. இளவழகனும் சோலைமலையின் தகப்பனாரும் இந்தியாவில் ஒரே தாலுகா என்று யாரோ ஒருமுறை சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் ஒரே தாலுகாவாக இருந்தது அடுத்த வருஷம் ஒரே ஊராகி, அதற்கடுத்த தீபாவளிக்கு ஒரே தெருவாகி, அடுத்தடுத்த வீடாகி, சுவர் இடிந்து ஒரே வீடாகவும் ஆகி, கடைசியில் சோலைமலை தம்பி முறையில் வந்து நின்றார். கடலின் இந்தக் கரையில் இருந்தபடியே ஒரு மனிதர் இவ்வளவு தூரம் நெருங்கியதற்கு வேறு உதாரணம் இல்லை.

அண்ணனின் சரித்திரம் அவருக்குத் தலைகீழாகப் பாடம். நாலு வயதில் வீட்டைவிட்டு ஓடியது, நாடகக் கம்பெனியில் பழங்கஞ்சி குடித்தது, மீசை அரும்பும் வரை ராணி வேஷம் கட்டியது, முதல் படத்தில் ராஜாவுக்குப் பின்னால் விசிறியோடு வாய் திறக்காமல் நின்றது, அந்த நிற்றலைப் பார்த்தே ஒரு முதலாளி அழுதது, பிறகு எங்கோ வெளிநாட்டில் வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டியது என்று எல்லாம் வரிசையாக வரும். உங்களுக்குப் பல்வலி என்று சொல்லிப் பாருங்கள். அண்ணனுக்கும் ஒரு தடவை பல்வலி வந்திருக்கும். அந்த வலியோடு அவர் நடித்த காட்சியைத்தான் இன்றைக்கும் ஜனங்கள் பேசுகிறார்கள் என்று உங்கள் பல்லையே மறக்கடித்துவிடுவார்.

இவ்வளவுக்கும் அவர் இளவழகனைப் பார்த்ததெல்லாம் அட்டன் தியேட்டரின் முன்பெஞ்சில் இருந்துதான். திரைக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் ஒரு முகத்தில் மூக்கு மட்டும்தான் ஒழுங்காகத் தெரியும். இளவழகனின் மூக்கை சோலைமலை அளவுக்கு அறிந்தவர் இலங்கையில் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

சண்முகவடிவு, செல்லசாமிக் கங்காணியின் மகள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருநாள் அவள் கேட்டாள்: "உங்க அண்ணன் பழங்கஞ்சி குடிச்சது இருக்கட்டும். நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?"

இதைவிட வெளிப்படையாக ஒரு பெண் எப்படிப் பேசுவாள்? ஆனால் நம்மவரோ முடியைக் கீழே இழுத்துவிட்டு, அண்ணன் காலையில் எத்தனை இட்லி சாப்பிடுவார் என்று விளக்கத் தொடங்கினார். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளை நினைத்து அவர் தூக்கமில்லாமல் கிடந்தது வேறு விஷயம். இந்த இனத்துக்குத் தன் கதையைச் சொல்ல வராது.

கடைசியில் பக்கத்து லயத்து வீட்டுச் சிவசாமி அவருக்காகப் பெண் கேட்டுப் போனான். கங்காணி யோசித்தார். கினிகத்தேனையில் பேக்கரி வைத்திருக்கும் கணேசமூர்த்தி ஏற்கெனவே பெண் கேட்டிருந்தார். வயது கொஞ்சம் கூடுதல், மூத்த தாரம் தவறிப்போனவர். ஆனால் சொந்தக் கடை. அந்தச் சமயம் பார்த்துத்தான் இளவழகன் நுவரெலியாவுக்கு ஓய்வெடுக்க வருகிறார், ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார் என்று அட்டனிலிருந்து செய்தி வந்தது. டிக்கெட் கிழிக்கிறவரே சொன்னாராம்.

கங்காணி சோலைமலையைக் கூப்பிட்டார். "ரயிலு நம்ம ஸ்டேஷன்ல நிக்கும்ல. ஒங்க கையில வெத்தலைத் தட்டு. அதுலேருந்து ஒங்க அண்ணன் ஒரு வெத்தலை எடுத்துக்கிட்டா போதும், பொண்ணு ஒங்களுக்கு. எடுக்கலேன்னா கினிகத்தேனைக்குப் பரிசம் பேசிருவேன். என்ன சொல்றீங்க?"

சோலைமலை புருவத்தை உயர்த்தினார். உயர்ந்த புருவம் அன்று வெகுநேரம் கீழே இறங்கவில்லை.

ஞாயிறன்று ஸ்டேஷனில் முழுத் தோட்டமும் நின்றது. துரை பங்களாவின் டேலியாப் பூக்களில் கட்டிய மாலை ஒன்று. அது எப்படி வந்தது என்பது பங்களாத் தோட்டக்காரருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். மேளம் வந்திருந்தது. மூடுபனியும் வந்திருந்தது. அது கூப்பிடாமலே முன்வரிசையில் நின்றுகொண்டது. எதிர்ரயில் வந்து வழி விடும்வரை கொழும்பு ரயில் அங்கே நின்றுதான் ஆக வேண்டும், ஒற்றைப் பாதை. அண்ணனோடு பேச நிறைய நேரம் இருக்கிறது என்று எல்லோரும் சோலைமலைக்குத் தைரியம் சொன்னார்கள். அவர் முகத்தில்தான் தைரியம் இல்லை.

ரயில் வந்தது. முதல் வகுப்பை நோக்கி எல்லோரும் ஓடினார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரக் கிழவியும் அவள் நாயும் இருந்தார்கள். இரண்டாம் வகுப்பில் யாரோ ஒரு கோட்டுக்காரர். சிவசாமி அவர் கழுத்தில் மாலையைப் போட்டே விட்டான். அவர் தேயிலைப் பெட்டிக்கு ஈயத்தாள் விற்கிறவர் என்று தெரிந்ததும் மாலை திரும்பி வந்தது. மேளக்காரர்கள் நடுவிலேயே நிறுத்தினார்கள்.

அப்போதுதான் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒருவர் இறங்கினார். தோட்டத்தில் மழைக்குப் போர்த்துகிற கறுப்புக் கம்பளி, தலையிலிருந்து முழங்கால் வரை. வெளியே தெரிந்தது மூக்கு மட்டும். கம்பளி போர்த்தவரை நம் ஊரில் யாராவது ஏறிட்டுப் பார்ப்பார்களா? அவரே சோலைமலையிடம் வந்து, இவ்வளவு கூட்டம் யாருக்கு என்று விசாரித்தார்.

கேட்டால் சும்மா இருக்க முடியுமா? பெண் கைநழுவிப் போகிற நேரத்திலும் சுண்டுவிரல் நெற்றிக்குப் போயிற்று. "அண்ணன் இருக்காரே, நாலு வயசுல வீட்டை விட்டு ஓடி..."

"ஏழு வயசு, தம்பி" என்றார் கம்பளிக்காரர்.

சோலைமலை திகைத்தார். அவரை யாரும் திருத்தியதே கிடையாது. "மொதப் படத்துல ராசாவுக்குப் பின்னால விசிறி புடிச்சுக்கிட்டு..."

"விசிறி இல்ல. கொடை."

"இங்க பாருங்க. அவரு எனக்கு அண்ணன் முறை."

கம்பளிக்குள் ஒரு புருவம் உயர்ந்தது. "அப்படியா? எந்த வழியில?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை. சோலைமலை மப்ளரை இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கூட்டம் முழுவதும் காதாக நின்றது. நல்லவேளையாக எதிர்ரயில் வந்து சேர்ந்து, கார்டு விசில் ஊதினார். கம்பளிக்காரர் தட்டிலிருந்து இரண்டு வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சோலைமலையின் தோளில் ஒரு தட்டுத் தட்டி, "தம்பின்னா தம்பிதான், போங்க" என்று சொல்லி வண்டியில் தொற்றிக்கொண்டார். ரயில் போய்விட்டது. சோலைமலை தட்டோடும் டேலியா மாலையோடும் நின்றார்.

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "போதும். நாளைக்கே கினிகத்தேனைக்கு ஆள் அனுப்புறேன்."

"அப்பா" என்றாள் சண்முகவடிவு. "வெத்தலை எடுத்தது யாருன்னு நெனைச்சீங்க? அந்தப் படத்துல விசிறியா கொடையான்னு, புடிச்ச ஆளுக்கு இல்லாம வேற யாருக்குத் தெரியும்?"

சிவசாமி மெல்ல, "மூக்கு..." என்றான். அதற்கப்புறம் யாரையும் பிடிக்க முடியவில்லை. நடையைப் பார்த்தவர் இருந்தார், குரலைக் கேட்டவர் இருந்தார், கம்பளிக்குள்ளே பட்டு ஜிப்பா மினுங்கியதைக் கண்டவர்கூட இருந்தார். எல்லோரும் சோலைமலையைப் பார்த்தார்கள். அவர் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தார். சண்முகவடிவு ஒரு பார்வை பார்த்தாள். கற்றை விழுந்தது. மேலே போனது.

"அண்ணன் இருக்காரே, அவருக்குக் கூட்டம்னா ஆகாது."

கலியாணம் தை மாதத்தில் நடந்தது. அதே ஞாயிறு இளவழகன் தன் பேக்கரியில் காரை நிறுத்தி இரண்டு பணிஸ் சாப்பிட்டதாகக் கணேசமூர்த்தி கினிகத்தேனையில் ஆளுக்கு ஆள் சொன்னார். பாவம், பொறாமை என்று விட்டுவிட்டார்கள்.

வாசகரே, அந்தக் கம்பளிக்காரர் இளவழகன்தான் என்று அவர் ரயிலை விட்டு இறங்கும்போதே நீங்களும் கண்டுபிடித்துவிட்டீர்கள் இல்லையா? பக்கத்தில் இருப்பவரிடம் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்லத் திரும்பினீர்கள். கொஞ்சம் பொறுங்கள். உங்கள் சுண்டுவிரல் இப்போது எங்கே இருக்கிறது?

ஏனென்றால் இரண்டு வருஷம் கழித்து, பட்டிப்பொலவில் ரயிலுக்குக் காத்திருந்த நான் ஸ்டேஷனை அடுத்த தேநீர்க்கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் சின்னத்தம்பி, சுவரில் தொங்கிய கம்பளிக்குக் கீழே உட்கார்ந்து, நெற்றியில் ஒரு கற்றையை விழவிட்டு, அட்டனில் இளவழகன் படம் பார்த்துவிட்டுத் திரும்பிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டகொடையில் ஒரு மப்ளர்க்காரர் தன்னிடம் வாதாடினாராம். தெரியாத மாதிரியே பேசி ஆழம் பார்த்தாராம். "அது யாருன்னு நெனைக்கிறீங்க? மாலையும் கையுமா நின்னாரே, அவருதான் இளவழகன்! மூக்கைப் பார்த்ததும் புடிச்சுட்டேன்."

ஊர் திரும்பி இதைச் சண்முகவடிவிடம் எப்படிச் சொல்வது என்று பல நாள் தயங்கி, சோலைமலை ஸ்டோருக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"அந்த ஆளு வண்டியில ஏறுறப்பவே காலைப் பார்த்தேன். அட்டைக்குப் பயந்து கணுக்காலு பூராவும் சுண்ணாம்பு. மெட்ராசுல ஏதுங்க அட்டை?"