மனைவியின் பெயரில் நான் கொடுத்த ரத்தம்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அந்த ஐந்தாம் வகுப்பிலும் வாத்தியாருக்கு அம்மை கண்டதால் கடைசி மூன்று மாதம் பாடமே நடக்கவில்லை. அப்படிப்பட்டவன் கல்கத்தாவில் கட்டியதைச் சொல்கிறேன், கேளுங்கள். டாக்குரியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒற்றைக் கிரைண்டரோடு தொடங்கிய மாவுக்கடை. மழைத்தண்ணீர் புகுந்து மூன்று முறை நாசமாகி, மூன்று முறையும் நிமிர்ந்த கடை. இன்று மாவோடு பருப்பு, அரிசி, அப்பளம், ரசப்பொடி எல்லாம் உண்டு. பெஹாலாவில் ஒரு கிளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் லூச்சிப் பூரியைத் தவிர வேறு அறியாத இரண்டு தெரு வங்காளிகளை இட்லிக்கு வரிசையில் நிற்க வைத்தவன் நான். இரண்டாவது மாடியில் சொந்த வீடு (லிஃப்ட் கிடையாது, இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்). மகள் செல்வியை எம்.காம். படிக்க வைத்தேன். இத்தனையும் ஒருவர் துணையில்லாமல் செய்தது.

('துணையில்லாமல்' என்பதை மகள் அடிக்கோடிட்டு, ஓரத்தில் 'அம்மா?' என்று எழுதியிருக்கிறாள். எழுத்துப் பிழை பார்க்கத்தான் அவளிடம் கொடுத்தேன்.)

ஆனால் உறவுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இதையெல்லாம் எவனும் பேசுவதில்லை. ரத்தப் பரிசோதனைக் கதையைத்தான் கேட்கிறார்கள். ஆளாளுக்குக் கண் மூக்கு வைத்துச் சொல்கிறார்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி முத்துக்கனிக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் கிரைண்டருக்கு முன்னால் நின்ற கால். இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு இடத்தில் நிற்பாள். துர்கா பூஜைக்கு முன்னால் ஆபரேஷன் செய்துவிடலாம் என்று எலும்பு டாக்டர் தேதி கொடுத்தார். நான் உடனே தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அவளிடமும் சத்தியம் போலச் சொன்னேன், "அஷ்டமிக்கு நீ பந்தலுக்கு நடந்தே வருத. டாக்சி கெடையாது." அவள் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து அப்போது ரொம்ப நாளாகியிருந்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 7.9. பெண்களுக்குப் பன்னிரண்டாவது இருக்க வேண்டுமாம். டாக்டர் தாளை மூக்குக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த ரத்தத்தோடு மயக்க மருந்து கொடுக்க முடியாது, பதினொன்றாவது வரட்டும் என்று சொல்லிவிட்டார். இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் இன்னொரு வரியும் கிறுக்கியிருந்தார். அதை நான் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். செல்வி அன்று பாங்க் வேலையாக சாந்த்ராகாச்சிக்குப் போயிருந்தாள். இருந்திருந்தால் படித்துத் தொலைத்திருப்பாள்.

இந்தத் தேதி போனால் அடுத்தது குளிர்காலம் முடிந்துதான். நான் வாக்குக் கொடுத்தவன். ஒரு வாரம் பீட்ரூட், பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை என்று அவளைப் படுத்தி எடுத்தேன். கீரை வாங்க லேக் மார்க்கெட் வரை போனேன். அவளோ நாளுக்கு நாள் வெளுத்தாள். முகம் ஊறவைத்த அவலைப் போல ஆகிவிட்டது.

இங்கேதான் என் வியாபார மூளை வேலை செய்தது. கொள்முதலுக்கு வருகிறவன் சாம்பிள் கேட்டால், மூட்டையின் அடியில் கிடக்கும் உடைசலையா அள்ளிக் காட்டுவோம்? மேலாக இருக்கும் முழுப்பருப்பில் ஒரு பிடி எடுத்து நீட்டுவோம். அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும், வியாபாரம் நடக்கும். மறுபரிசோதனைக்குச் சாம்பிள் கேட்கிறார்கள். வீட்டில் இரண்டு மூட்டை இருக்கின்றன. ஒன்று வெளுத்துப்போனது. இன்னொன்று நான். அறுபத்தெட்டு வயதிலும் ஐம்பது கிலோ அரிசியைத் தோளில் ஏற்றுகிறவன். எதைக் காட்டுவது?

(இதைப் படித்துவிட்டு என்னை முட்டாள் என்று நினைக்கிறவர்கள், என்னைவிட அதிகம் படித்தவர்கள் என்பதைத் தவிர வேறு எந்தவிதத்திலும் உசத்தியில்லை.)

மறுநாள் காலை, டீகூடக் குடிக்காமல், தெருமுனையில் ரத்தம் எடுக்கிற கடைக்குப் போனேன். கவுண்டரில் என் வயதுக்காரர் ஒருவர். பெயர் கேட்டார். முத்துக்கனி என்றேன். வங்காளிக்கு நம் பெயரில் ஆண் எது பெண் எது என்று என்ன தெரியும்? என் மீசையை ஒரு தரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். கையை நீட்டினேன். "தாதா, உங்கள் நரம்பு ராஜா நரம்பு" என்று அண்ணன் முறை வைத்து வங்காளத்தில் சொன்னார். எனக்கு ஒரே பெருமை. சாயங்காலம் தாள் வந்தது. ஹீமோகுளோபின் 15.6. மற்ற எண்கள் ஏராளமாக இருந்தன. எனக்கு வேண்டியது ஒன்றுதான். அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டேன்.

அந்தத் தாளோடு மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்று பார்த்தது மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா. கண்டிப்பான முகம், வங்காளி. பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். முத்துக்கனியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தை அழுத்திப் பார்த்தார். மறுபடியும் தாளைப் பார்த்தார். பிறகு என் மகளிடம் மெதுவாகப் பேசினார். செல்விக்கு வங்காளம் தமிழைவிட நன்றாக வரும். அவள் முகம் மாறிக்கொண்டே போனது.

"அப்பா, ஏழு நாள்ல 7.9 எப்படி 15.6 ஆகும்னு டாக்டர் கேக்குறாங்க."

"கீரை," என்றேன்.

"போன வாரம் அம்மாவோட ரத்தம் ஓ குரூப். இந்த வாரம் ஏ குரூப். அதுவும் கீரையா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அம்மாவுக்கு சுகர் கெடையாது. இதுல வெறும் வயித்துல இருநூத்தி எம்பது இருக்கு. கடைசியா ஒண்ணு. இதுல அம்மாவ ஆம்பளன்னு போட்டிருக்கு."

டாக்டரம்மா என்னைப் பார்த்து, இப்போது ஹிந்தியில், கேட்டது ஒரே கேள்வி: யாருடைய கை? நான் சட்டைக் கையை இறக்கிவிட்டேன். ஊசி போட்ட இடத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஓ குரூப் உடம்புக்குள் ஏ குரூப் ரத்தம் போனால் ஆள் பிழைப்பது கஷ்டம் என்றார். ஏற்றுவதற்கு முன்னால் நாங்கள் மறுபடியும் பார்க்காமல் விடமாட்டோம், ஆனாலும் ஏதோ ஓர் அவசரத்தில் யாராவது இந்தத் தாளை நம்பியிருந்தால் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அப்புறம் எனக்குப் புரிகிறமாதிரி விளக்கினார். ஹீமோகுளோபின் என்பது மூச்சுக்காற்றை உடம்பெங்கும் சுமந்துபோகிற கூலியாள். உங்கள் மனைவிக்குப் பாதிப்பேர்தான் வேலைக்கு வருகிறார்கள். அந்த எண்ணே நோய் அல்ல. எங்கோ ஒழுகுகிறது என்று அது சொல்கிறது. ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்காமல் கீரை போட்டு என்ன பயன்?

பிறகு முத்துக்கனியிடம் விசித்திரமாக ஒன்று கேட்டார். பச்சரிசி, சுண்ணாம்பு, ஐஸ் கட்டி, இப்படி எதையாவது தின்னத் தோன்றுகிறதா? ரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படித் தோன்றுமாம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அரிசி," என்றாள்.

ஆறு மாதமாகக் கடையில் அரிசி டின் குறைந்துகொண்டே வந்ததை நான் கவனித்திருந்தேன். கவனிக்காமல் இருப்பேனா? எலி என்று முடிவுகட்டி, டின்னுக்குப் பின்னால் எலிப்பொறி வைத்திருந்தேன். தினமும் காலையில் அவளைக் கூப்பிட்டு, "இன்னும் மாட்டல பாத்தியா" என்று காட்டுவேன். அவளும் வந்து பார்ப்பாள்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தபோது அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்.

"காட்டுததுக்குக்கூட ஆவாத ரத்தம்னு நெனச்சிட்டீயளோ?"

நான் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே அவளை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அவளுடைய குரூப் ரத்தம் இரண்டு பை ஏறியது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண். சொட்டுச்சொட்டாக மாதக்கணக்கில் ஒழுகியிருக்கிறது. வலிமாத்திரை அதிகமாகச் சாப்பிட்டால் அப்படி ஆகுமாம். யார் வாங்கிக்கொடுத்தது என்று கேட்டார்கள். வாரம் ஓர் அட்டை, தவறாமல், நான்தான். கால் வலிக்கிறது என்று அவள் உட்கார்ந்தால், மாத்திரையும் தண்ணீரும் என் கையால் கொடுப்பேன். மனைவியை இப்படித் தாங்குகிறவன் இந்தத் தெருவில் உண்டா என்று வெளியே சொல்லியும் இருக்கிறேன்.

அந்த அஷ்டமிக்கு அவள் பந்தலுக்குப் போகவில்லை. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, டாக் மேளம் முழங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். புண் ஆறிவிட்டது. ஹீமோகுளோபின் எட்டு மாதத்தில் 11.8 வந்தது. ஆனால் அத்தனை நாள் ரத்தமில்லாமல் ஓடிய இதயம் தளர்ந்துவிட்டது, முழங்கால் ஆபரேஷன் இனி வேண்டாம் என்றுவிட்டார்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் படி இறங்குகிறாள். வலிமாத்திரை வீட்டுக்குள் வருவதில்லை. எனக்கு சுகருக்குக் காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒரு மாத்திரை.

இப்போது வீட்டில் யாருக்கு எந்தச் சான்று வேண்டுமென்றாலும், "அப்பா கையக் குடுங்க" என்கிறாள் செல்வி. மருமகன் கார் ஓட்டும் உரிமத்துக்குக் கண் பரிசோதனைக்குப் போனபோது, "மாமாவோட கண்ணக் கொண்டுபோறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முத்துக்கனியும் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். எலிப்பொறியை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதை நான் தூக்கிப்போடவும் இல்லை.

கடைசியாக ஒன்று. 7.9 தாளோடு நான் சும்மா இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? மாத்திரை, கீரை, குளிர்காலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருப்போம். என் 15.6 போய் நின்றதால்தான் அந்த டாக்டரம்மாவுக்குச் சந்தேகம் வந்தது, இமையை இழுத்துப் பார்த்தார், அரிசியைக் கேட்டார், அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். (முதல் டாக்டர் எழுதின ஆங்கில வரியே 'வயிற்று டாக்டரிடம் உடனே காட்டவும்' என்பதுதான் என்று மகள் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். இருக்கலாம். அந்த வரியை யார் படித்தார்கள்?) அவள் இன்று ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்றால், அதில் என் கைக்கும் பங்கு உண்டு. கதையைச் சொல்கிறவர்கள் இனிமேல் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாத்திரை வாங்கிக்கொடுத்தவன் என்று என் பெயரைச் சொல்லும் அதே மூச்சில் சொன்னால் போதும்.